பத்து வினாடி ஓட்டம்... அதற்குப் பின்னால் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர், தெரியுமா?

நூறு மீட்டர் ஓட்டம் நம் கண்ணுக்குப் பத்து வினாடி சமாச்சாரம். துப்பாக்கி வெடிக்கிறது, எட்டுப் பேர் பாய்கிறார்கள், ஒருவர் கையைத் தூக்குகிறார், முடிந்தது. ஆனால் அந்த எட்டுப் பேரும் அந்தக் கோட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்களா? ஓடுவதைவிட ஓடப் போய்ச் சேருவதுதான் பெரும்பாடு!

கென்யாவின் ஃபெர்டினாண்ட் ஒமன்யாலாவைத் தெரியுமா? 2021-ல் நைரோபியில் 9.77 வினாடியில் ஓடி ஆப்பிரிக்காவின் அதிவேக மனிதர் ஆனவர். அடுத்த வருஷம் ஜூலையில் அமெரிக்காவின் யூஜின் நகரில் உலக தடகளப் போட்டி. எல்லோரும் பத்து நாள் முன்னாலேயே போய் இறங்கி, தூங்கி, சாப்பிட்டு, டிராக்கில் கால் பழகிக்கொண்டிருக்கிறார்கள். ஒமன்யாலா நைரோபியில் உட்கார்ந்திருக்கிறார். விசா வரவில்லை! போட்டிக்கு முந்தின நாள்தான் கைக்கு வந்தது. அடித்துப் பிடித்து விமானம் ஏறி, கண்டம் தாண்டி, யூஜினில் கால் வைத்தபோது ஹீட்ஸ் என்ற தகுதிச் சுற்றுக்கு மூன்று மணி நேரம்கூட இல்லை. குளித்தாரா, சாப்பிட்டாரா, தெரியாது. ஓடினார். 10.10 வினாடி! அரையிறுதிக்கே தேர்வாகிவிட்டார்! அதற்கு மேல் போக முடியவில்லை என்பது உண்மைதான். ஆனாலும், என்னைக் கேட்டால் அந்த 10.10-ஐ அவருடைய 9.77-க்குப் பக்கத்திலேயே வைப்பேன்.

சரி, இது ஒரு தடவை நடந்த விபத்து என்று நினைக்கிறீர்களா? வருஷம் முழுக்க அவர்கள் வாழ்க்கையே சூட்கேஸில்தான்! டைமண்ட் லீக் என்று ஒன்று இருக்கிறதே, 2010-ல் தொடங்கியது, ஈட்டி எறியும் நீரஜ் சோப்ராவால் நம் வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது. அதன் 2025 அட்டவணையை ஒரு முறை மூச்சுவிடாமல் படித்துப் பாருங்கள். ஏப்ரல் 26 சீனாவின் ஷியாமென். மே 3 அதே சீனாவில் கெச்சியாவ். மே 16 தோஹா. மே 25 மொராக்கோவின் ரபாத். ஜூன் 6 ரோம், 12 ஓஸ்லோ, 15 ஸ்டாக்ஹோம், 20 பாரிஸ். ஜூலை 5 அட்லாண்டிக் தாண்டி யூஜின், ஆறே நாளில் திரும்பி வந்து 11 மொனாக்கோ, 19 லண்டன். ஆகஸ்ட் 16 போலந்தின் சிலேசியா, 20 சுவிட்சர்லாந்தின் லோசான், 22 பிரஸ்ஸல்ஸ், 27, 28 சூரிக்கில் இறுதி. நான்கு மாதம், நான்கு கண்டம், பதினைந்து போட்டி! இதெல்லாம் முடிந்து மூச்சு வாங்குவதற்குள் செப்டம்பர் 13 டோக்கியோவில் உலகப் போட்டி ஆரம்பம். எல்லாரும் எல்லாப் போட்டிக்கும் போவதில்லை, ஒவ்வோர் ஊரிலும் எல்லாப் பிரிவும் நடப்பதில்லை. ஆனாலும் ஓஸ்லோவிலிருந்து பாரிஸ் வரை எட்டு நாளில் மூன்று நாட்டில் ஓடுகிறவர்கள் உண்டு!

அதனால்தான் ஐரோப்பாவுக்கு வெளியே பிறந்த வீரர்கள் கோடைக்கு மட்டும் ஐரோப்பாவில் குடியேறிவிடுகிறார்கள், தெரியுமா? கென்ய ஓட்டக்காரர்களுக்கு லண்டனை ஒட்டிய டெடிங்டன் என்ற சின்ன ஊர் பல காலம் இரண்டாவது வீடு. ஏன் அந்த ஊர்? பக்கத்தில் ஓடுவதற்குப் பெரிய பூங்கா, கொஞ்ச தூரத்தில் ஹீத்ரோ விமான நிலையம்! ஆஸ்திரேலியா இன்னும் ஒரு படி மேலே போய், 2011-ல் இத்தாலியின் கவிராத்தே என்ற ஏரிக்கரை ஊரில் தன் வீரர்களுக்கென்று ஒரு பயிற்சி மையமே கட்டிவிட்டது. ஊருக்குத் திரும்பிப் போய் வருவது என்றால் ஒவ்வொரு தடவையும் பூமியின் பாதியைச் சுற்ற வேண்டுமே! 800 மீட்டர் மன்னன் டேவிட் ருடிஷாவின் கோடைக் கூடாரம் ஜெர்மனியின் ட்யூபிங்கன். அங்கிருந்து போய் 2010 ஆகஸ்ட் 22 பெர்லினில் 1:41.09 என்று உலக சாதனை. சரியாக ஒரு வாரத்தில், 29-ஆம் தேதி, இத்தாலியின் ரியேத்தியில் 1:41.01 என்று தன் சாதனையைத் தானே உடைத்தார்!

இவ்வளவு அலைச்சலுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று கேட்கத் தோன்றும். டைமண்ட் லீக் ஆரம்பித்தபோது ஒரு போட்டியில் ஜெயித்தால் 10,000 டாலர். எட்டாவதாக வந்தால் 1,000 டாலர். இன்றைய கணக்கில் வென்றவருக்கு எட்டு லட்ச ரூபாய்க்கு மேல் என்று கேட்கும்போது பெரிதாகத் தோன்றும். கோச், பிசியோ, மேலாளர் பங்கு, அந்தந்த நாட்டில் பிடிக்கும் வரி எல்லாம் போகக் கையில் நிற்பது எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். எட்டாவதாக வந்தவரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்! ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவருக்கு உலக தடகளச் சம்மேளனம் முதன்முதலாகப் பரிசுப் பணம் கொடுத்தது எப்போது தெரியுமா? 2024 பாரிஸில்தான். 50,000 டாலர். நவீன ஒலிம்பிக் ஆரம்பித்து 128 வருஷம் கழித்து!

ஒரு காலத்தில் ஓடுவதற்குப் பணம் வாங்குவதே குற்றமாக இருந்தது. பின்லாந்தின் பாவோ நூர்மி, ஒன்பது ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர், 1925-ல் அமெரிக்காவுக்குப் போனார். ஜனவரி முதல் மே வரை ஊர் ஊராக ரயிலில் பயணம். ஐந்து மாதத்தில் எத்தனை போட்டி ஓடினார் தெரியுமா? 55! அதில் 51-ல் வெற்றி! பாதி உலகம் அவரைப் பார்க்க டிக்கெட் வாங்கியது. அதே நூர்மியை 1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்குக்கு முன்னால் தடை செய்தார்கள். காரணம்? ஜெர்மனிக்கு ஓடப் போனபோது பயணச் செலவுக்கு அளவுக்கு மேல் வாங்கினாராம்!

ஜெஸ்ஸி ஓவன்ஸுக்கு நடந்ததைக் கேட்டால் வயிறு எரியும். 1936 பெர்லினில் ஹிட்லர் உட்கார்ந்திருக்க நான்கு தங்கம் வென்றார் என்று பள்ளிப் புத்தகத்திலேயே படித்திருக்கிறோம். அடுத்த நாள் என்ன நடந்தது, தெரியுமா? ஆகஸ்ட் 9 தொடர் ஓட்டத்தில் நான்காவது தங்கம். ஆகஸ்ட் 10 கொலோன் நகரில் காட்சிப் போட்டி! அங்கிருந்து பிராக், அங்கிருந்து போஹும் நகரம், அங்கிருந்து 15-ஆம் தேதி லண்டன். வசூல் அமெரிக்க அமெச்சூர் தடகளச் சங்கத்துக்கு. ஓவன்ஸ் கையில் காசு கிடையாது. உடம்பு இளைத்து, கால் வலித்து, வீட்டு நினைவில் தவித்துப்போன அந்த இளைஞர் லண்டனில் வைத்து, இனி ஸ்வீடனுக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டார். சங்கம் என்ன செய்தது? அவரைத் தடை செய்தது! உலகம் கண்ட ஆகப் பெரிய தடகள வீரரின் போட்டி வாழ்க்கை 22 வயதில் முடிந்தது. எதிராளி எவனும் அவரைத் தோற்கடிக்கவில்லை. ஒரு பயண அட்டவணை தோற்கடித்தது. இதை அநியாயம் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

கொஞ்சம் வேறு பக்கம் போவோம். ஓடுகிறவர்களாவது ஒரு ஜோடி ஸ்பைக்ஸைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஏறிவிடலாம். கோலூன்றித் தாண்டுகிறவர்கள் என்ன செய்வார்கள்? ஒரு கோல் ஏறக்குறைய ஐந்து மீட்டர் நீளம்! கண்ணாடி இழையிலும் கார்பன் இழையிலும் செய்தது. மடக்க முடியாது, கழற்ற முடியாது, பிரிக்க முடியாது. அதுவும் ஒன்று போதாது. உயரம் ஏற ஏற விறைப்பான கோல் வேண்டும். எதிர்க்காற்று அடித்தால் ஒன்று, உடம்பு சோர்ந்திருந்தால் ஒன்று. ஆறு, எட்டு, பத்து என்று கட்டி, நீளமான உறையில் சுற்றி, டாக்ஸி கூரைமேல் கயிறு போட்டு, வீடு கட்டக் கம்பி ஏற்றிப் போகிற வண்டிபோல விமான நிலையத்துக்கு வருவார்கள். செக்-இன் கவுண்டரில் இருப்பவர் முகத்தை நினைத்துப் பாருங்கள்! சின்ன விமானமாக இருந்தால் சரக்கு அறைக்குள்ளேயே நுழையாது. பெரிய விமானத்தில் ஏறினாலும், நாம் இறங்கும் ஊரில் அதுவும் இறங்கும் என்று எந்த உறுதியும் இல்லை.

விமானத்தில் மட்டும் அல்ல, அரங்குக்குள் வந்த பிறகும் கோல் காணாமல் போகலாம். பிரேசிலின் ஃபபியானா முரெருக்கு 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் இறுதிப் போட்டியின் நடுவில் அதுதான் நடந்தது. அடுத்த உயரத்துக்கு வைத்திருந்த கோலைத் தேடுகிறார், இல்லை! மற்றவர்களின் உறைகளுக்குள் தேடுகிறார், அதிகாரிகளிடம் ஓடுகிறார், கண்ணீரோடு கெஞ்சுகிறார். நான்கு வருஷம் உழைத்து வந்தவர், கையில் பொருந்தாத கோலோடு தாண்டிப் பத்தாவதாக முடித்தார். இனி சீனாவுக்கே வரமாட்டேன் என்று கோபத்தில் சொன்னார். ஆனால் பாருங்கள், 2011-ல் தென்கொரியாவின் டேகுவில் 4.85 மீட்டர் தாண்டி உலகச் சாம்பியன் ஆனார்! அதோடு விட்டாரா? 2015-ல் அதே பெய்ஜிங், அதே பறவைக்கூடு அரங்கம். அங்கேயே வந்து மறுபடி 4.85 தாண்டி உலகப் போட்டியில் வெள்ளி வாங்கினார்! இந்த ஒரு பெண்ணின் கதைக்காகவே ஒரு சினிமா எடுக்கலாம்.

இந்தக் கோல்களோடுதான் ஸ்வீடனின் மோண்டோ டுப்ளாண்டிஸ் உலகம் சுற்றுகிறார். 2020 பிப்ரவரியில் போலந்தின் டோருனில் 6.17 மீட்டர். 2025 செப்டம்பரில் டோக்கியோவில் 6.30. நடுவில் ஒவ்வொரு சென்டிமீட்டராக ஏற்றி மொத்தம் 14 உலக சாதனை! எத்தனை ஊரில் தெரியுமா? டோருன், கிளாஸ்கோ, பெல்கிரேடு, யூஜின், கிளெர்மோன்-ஃபெரான், ஷியாமென், பாரிஸ், சிலேசியா, ஸ்டாக்ஹோம், புடாபெஸ்ட், டோக்கியோ. பதினோரு ஊர், ஒன்பது நாடு! ஒவ்வோர் ஊரிலும் அந்த ஐந்து மீட்டர் மூட்டையும் கூடவே வந்து சேர்ந்திருக்கிறது என்பதை அந்தச் சாதனையோடு சேர்த்தே நான் எண்ணுகிறேன்.

உலகமெல்லாம் சுற்றி வந்துவிட்டு, கடைசிக் கொஞ்ச தூரத்தில் கோட்டை விட்டவர்கள் உண்டு! 1972 மியூனிக் ஒலிம்பிக். எடி ஹார்ட், ரே ராபின்சன் என்று இரண்டு அமெரிக்கர்கள். 100 மீட்டரில் 9.9 வினாடி என்ற உலக சாதனைக்குச் சொந்தக்காரர்கள். காலையில் ஹீட்ஸ் ஓடிவிட்டார்கள். காலிறுதி மாலை ஏழு மணிக்கு என்று கோச் கையில் இருந்த தாள் சொன்னது. அது பழைய அட்டவணை! வழியில் ஒரு டிவியில் ஓட்டக்காரர்கள் கோட்டுக்கு வருவது தெரிகிறது. காலைப் போட்டியைத் திரும்பப் போடுகிறார்கள் என்று நினைக்கிறார்கள். இல்லை... அது நேரலை! தாங்கள் ஓட வேண்டிய காலிறுதி! காரில் ஏறிப் பறந்தார்கள். இருவருடைய ஓட்டமும் முடிந்துவிட்டது. கூட வந்த மூன்றாமவர் ராபர்ட் டெய்லர் மட்டும் ஓடிப் போய், மேலாடையைக் கழற்றி எறிந்துவிட்டு, உடம்பைச் சூடுபடுத்தக்கூட நேரமில்லாமல் கோட்டில் நின்றார். அவர்தான் பின்னால் வெள்ளி வாங்கினார்! எடி ஹார்ட்டுக்குத் தொடர் ஓட்டத்திலாவது ஒரு தங்கம் கிடைத்தது. ராபின்சனுக்கு எதுவுமே இல்லை. பயிற்சி வீணாகவில்லை, காயம் படவில்லை, தோற்கவும் இல்லை. ஒரு தாள் தவறு!

இதற்கு நேர் எதிரான கதை 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் நடந்தது. எனக்கு இந்தத் தொகுப்பிலேயே மிகவும் பிடித்தது இதுதான். ஜமைக்காவின் ஹான்ஸ்லே பார்ச்மென்ட், 110 மீட்டர் தடை தாண்டும் ஓட்டக்காரர், அரையிறுதிக்குக் கிளம்புகிறார். காதில் பாட்டு. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டார். தலை தூக்கிப் பார்த்தால் வந்து நிற்பது நீச்சல் போட்டி நடக்கும் இடம்! திரும்பிப் போய் வேறு பஸ் பிடிக்க நேரமில்லை. போட்டிக்கான கார்களோ முன்பதிவு இல்லாமல் ஏற்றமாட்டோம் என்கின்றன. பதறிப் போய் நின்றவருக்கு அங்கே தொண்டு வேலை செய்துகொண்டிருந்த ஒரு பெண் தன் கைக்காசை எடுத்துக் கொடுத்து, டாக்ஸியில் போங்கள் என்றார். போனார். அரையிறுதி ஓடினார். அடுத்த நாள் இறுதியில் 13.04 வினாடியில் தங்கமே வென்றுவிட்டார்! அதோடு முடியவில்லை. அந்தப் பெண்ணைத் தேடிப் போய்ப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, பதக்கத்தையும் அவர் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். ஜமைக்கா அரசு அந்தப் பெண்ணைத் தன் நாட்டுக்கு விருந்தாளியாகக் கூப்பிட்டது!

சாப்பாட்டு விஷயத்துக்கு வருவோமா? நம் பி.டி.உஷா 1984 லாஸ் ஏஞ்சலஸில் 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தில் வெண்கலத்தை நூறில் ஒரு வினாடியில் விட்டார்; 55.42, முன்னால் வந்தவர் 55.41. இது எல்லாருக்கும் தெரியும். அங்கே அவர் என்ன சாப்பிட்டார் என்பது தெரியுமா? ஒலிம்பிக் கிராமத்து அமெரிக்கச் சாப்பாடு பழக்கமில்லாததால் அரிசிக் கஞ்சியும் ஊறுகாயும்! கடைசி 35 மீட்டரில் தெம்பு குறைந்ததற்கு அதுவும் காரணம் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அதே பிரச்சினை உசைன் போல்ட்டுக்கும் வந்தது. 2008 பெய்ஜிங்கில் உள்ளூர்ச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை. அவர் என்ன செய்தார்? காலை, மதியம், இரவு என்று சிக்கன் நக்கெட்ஸ்! நாளுக்கு ஏறத்தாழ நூறு, பத்து நாளில் ஆயிரம் என்று தன் சுயசரிதையில் கணக்குச் சொல்கிறார். உலக சாதனையும் படைத்தார்! போல்ட்டுக்கு அறிமுகமான ஏதோ ஒன்று வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது. உஷாவுக்கு அதுகூட இல்லை. ஒரு சமையல்காரரைக் கூட அனுப்பியிருந்தால் என்ன என்று இன்றைக்கும் மனம் கேட்கிறது.

வெளிநாட்டில் பிடித்ததைச் சாப்பிடவும் பயம்தான், தெரியுமா? சீனா, மெக்சிகோ, குவாதமாலா போன்ற நாடுகளில் கால்நடைக்குக் கொடுக்கும் கிளென்பூட்டரால் என்ற மருந்து இறைச்சி வழியாக உடம்பில் ஏறி, ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டிவிடலாம் என்று சர்வதேச ஊக்கமருந்து தடுப்பு அமைப்பே எச்சரிக்கிறது. அந்தச் சோதனை இருக்கிறதே, அதுவே தனி அவஸ்தை! முன்னணி வீரர்கள் ஒவ்வொரு நாளும் எங்கே படுப்பேன், எந்த ஒரு மணி நேரத்தில் எந்த இடத்தில் கண்டிப்பாக இருப்பேன் என்று முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். ஹோட்டல் மாறினால் அதையும் மாற்ற வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்குள் மூன்று தடவை தவறினால் தடை! 2019-ல் 100 மீட்டர் உலகச் சாம்பியனான கிறிஸ்டியன் கோல்மன் அப்படித் தவறித்தான் டோக்கியோ ஒலிம்பிக்கையே இழந்தார்.

போட்டி முடிந்த பிறகு நடப்பதைக் கிட்டப் போய்ப் பாருங்கள். ஐயாயிரம் மீட்டர் ஓடி, உடம்பில் இருக்கிற தண்ணீரெல்லாம் வியர்வையாகப் போன ஒருவர். கோட்டைத் தாண்டியதும் ஓர் அதிகாரி கூடவே நடக்க ஆரம்பிப்பார்; பார்வையை விட்டு நகரக் கூடாது. சின்ன அறை. 90 மில்லிலிட்டர் சிறுநீர் வேண்டும். வராது! பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடிப்பார். ரொம்பக் குடித்துவிட்டால் மாதிரி நீர்த்துப்போயிருக்கிறது, இன்னொரு முறை கொடுங்கள் என்பார்கள்! அரங்கத்து விளக்கெல்லாம் அணைந்த பிறகு வெளியே வந்து, விடியற்காலை விமானத்துக்குப் பெட்டி கட்டுகிறவர்கள் எத்தனையோ பேர்.

உடம்புக் கடிகாரம் வேறு இருக்கிறது. அது 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீளமானது. அதனால் மேற்கே பறந்தால் நாள் நீள்வதைத் தாங்கிக்கொள்கிறது. கிழக்கே பறந்தால் நாள் குறுகுவதைத் தாங்காமல் தவிக்கிறது. ஒரு மணி நேர வித்தியாசம் சரியாவதற்குச் சுமார் ஒரு நாள் ஆகும் என்பது பொதுக் கணக்கு. நமக்கும் யூஜினுக்கும் கோடையில் எவ்வளவு வித்தியாசம் தெரியுமா? பன்னிரண்டரை மணி நேரம்! பகல் அப்படியே இரவு. 2022-ல் அங்கேதான் நீரஜ் 88.13 மீட்டர் எறிந்து உலகப் போட்டியில் வெள்ளி வாங்கினார்.

இத்தனையையும் மீறி இவர்கள் செய்வதைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது! 1981 ஆகஸ்டில் பிரிட்டனின் செபாஸ்டியன் கோவும் ஸ்டீவ் ஓவெட்டும் ஒரு மைல் உலக சாதனையைப் பத்து நாளுக்குள் மூன்று தடவை மாற்றி எழுதினார்கள். 19-ஆம் தேதி சூரிக்கில் கோ, 26-ஆம் தேதி கோப்லென்ஸில் ஓவெட், 28-ஆம் தேதி பிரஸ்ஸல்ஸில் மறுபடி கோ! ஆச்சரியம் என்னவென்றால் மூன்றிலும் ஒருவருக்கு ஒருவர் நேருக்கு நேர் ஓடவேயில்லை. சாதனை மட்டும் ஊர் விட்டு ஊர் பயணம் செய்தது. கென்யாவின் ஃபெய்த் கிப்யெகன், ஒரு குழந்தைக்குத் தாய், 2023-ல் ஜூன் 2 ஃபுளோரன்ஸில் 1500 மீட்டர், ஜூன் 9 பாரிஸில் 5000 மீட்டர், ஜூலை 21 மொனாக்கோவில் ஒரு மைல் என்று ஐம்பது நாளில் மூன்று உலக சாதனை! நெதர்லாந்தின் சிஃபான் ஹசன் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆகஸ்ட் 9 இரவு 10,000 மீட்டரில் வெண்கலம் வாங்கிவிட்டு, 11-ஆம் தேதி காலை மாரத்தானில் தங்கம் வென்றார். நடுவில் ஒரே ஒரு முழு நாள்!

பேசர் என்று ஒருவர் உண்டு, தெரியுமா? முன்னால் ஓடி வேகம் கட்டிக்கொடுத்துவிட்டுப் பாதியில் விலகிக்கொள்ளப் பணம் வாங்குகிறவர். அதுவும் ஊர் ஊராகப் போகும் தொழில்தான். 1981 ஓஸ்லோவில் 1500 மீட்டருக்குப் பேசராக வந்த டாம் பையர்ஸை, எப்படியும் விலகிவிடுவார் என்று யாருமே துரத்தவில்லை. அவர் விலகவில்லை! ஓவெட்டையே பின்னால் தள்ளிவிட்டு முதலாவதாக வந்துவிட்டார்!

நீரஜ் கதை இல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. 2024 செப்டம்பர் 14, பிரஸ்ஸல்ஸ், டைமண்ட் லீக் இறுதி. நம் ஊரில் நள்ளிரவு. ஆண்டர்சன் பீட்டர்ஸ் 87.87. நீரஜ் 87.86. ஒரே ஒரு சென்டிமீட்டர்! மறுநாள்தான் உலகத்துக்குத் தெரிந்தது, அவர் இடது உள்ளங்கை எலும்பு முறிந்த கையோடு எறிந்தார் என்று. எறிவது வலது கைதான். ஆனால் ஓடிவந்து காலை ஊன்றி உடம்பைத் திருப்பும்போது இடது கைதான் முன்னால் போய் இழுக்கும். அந்தக் கையில் முறிவு! சீசன் முழுக்கத் தொடை வலி வேறு. 87.86 என்ற எண்ணையும் கவனியுங்கள்: 2020 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் போட்செஃப்ஸ்ட்ரூமில் அவரை டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவைத்ததும் அதே 87.86!

நம்மவர்களுக்கும் இந்த அலைச்சலில் பங்கு உண்டு. யாழ்ப்பாணத்து இளைஞர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 17 வயதில் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் உயரம் தாண்டினார். 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டில் இலங்கைக்கு முதல் தங்கத்தை வாங்கிக் கொடுத்தவரும் அவரே! மலேசியாவின் மருத்துவர் எம்.ஜெகதீசன் 1968 மெக்சிகோவில் 200 மீட்டர் அரையிறுதியில் ஓடிய 20.92 வினாடி, அவர் நாட்டுச் சாதனையாக 49 வருஷம் நின்றது. தமிழகத்தின் பிரவீன் சித்திரவேல் மும்முறை தாண்டுதலில் 17.37 மீட்டர் என்ற தேசிய சாதனையை எங்கே படைத்தார் தெரியுமா? 2023 மே மாதம், கியூபாவின் ஹவானாவில்! உஷாவின் அந்த 55.42, கஞ்சி குடித்து ஓடிய அந்த 55.42, 39 வருஷம் தேசிய சாதனையாக நின்றது. அதை முதன்முதலில் தொட்டவர் கோயம்புத்தூர்ப் பெண் வித்யா ராம்ராஜ். 2023 அக்டோபர் 2, சீனாவின் ஹாங்சோ, ஆசிய விளையாட்டு ஹீட்ஸ். நேரம் அச்சு அசலாக 55.42! அடுத்த நாள் இறுதியில் வெண்கலமும் வாங்கினார்.

டைமண்ட் லீக் போட்டிகள் ஐரோப்பாவில் சாயங்காலம் நடக்கும். நமக்கு அப்போது பெரும்பாலும் நள்ளிரவை ஒட்டிய நேரம். கோடையில் ஓரிரு இரவு கண் விழித்துப் பாருங்கள், பிள்ளைகளையும் கூட உட்கார வையுங்கள். எட்டாவதாக வருகிறவரின் பெயரையும் படியுங்கள், எந்த ஊரிலிருந்து வந்தார் என்று தேடிப் பாருங்கள். ரயில் நிலையத்திலோ விமான நிலையத்திலோ ஐந்து மீட்டர் உறையோடு ஒரு பையனோ பெண்ணோ தவித்துக்கொண்டு நின்றால், முகம் சுளிக்காமல் ஒரு கை பிடியுங்கள். எந்தப் போட்டிக்குப் போகிறாய் என்று கேளுங்கள், பெயரையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்!